ஆர்ச்சர்ஸா, கொரோனேஷன் ஸ்ட்ரீட்டா?

பிரிட்டனின் நெடுந்தொடர் வரலாற்றை எதிலிருந்து தொடங்குவது என்று குழம்புகிறவர்களுக்காக இந்த ஒப்பீடு.

தொடக்கம்
ஆர்ச்சர்ஸ்: பிபிசி வானொலி. 1950-இல் மிட்லண்ட்ஸ் வட்டாரத்தில் சோதனை. 1951 ஜனவரி 1 முதல் நாடு முழுக்க.
கொரோனேஷன் ஸ்ட்ரீட்: கிரானடா தொலைக்காட்சி, 1960 டிசம்பர் 9. முதல் பகுதி நேரலை.

நோக்கம்
போருக்குப் பிந்தைய ரேஷன் காலத்தில், விளைச்சலைப் பெருக்கும் வழிகளை உழவர்களுக்குக் கதையோடு கதையாகச் சொல்லவே காட்ஃப்ரி பேஸ்லி ஆர்ச்சர்ஸை உருவாக்கினார். அதனால்தான் இன்றும் அதில் பால் கறவையும் அறுவடையும் கதையாகின்றன. கொரோனேஷன் ஸ்ட்ரீட்டுக்காக டோனி வாரன் எழுதியது வேறு: வடக்கு இங்கிலாந்தின் தொழிலாளர் தெரு, அவர்களுடைய பேச்சு.

மறக்கமுடியாத இரவு
1955 செப்டம்பர் 22. பிபிசிக்குப் போட்டியான ஐடிவி தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கிய அதே நாளில், தீ விபத்தில் சிக்கிய ஆர்ச்சர்ஸ் கதாபாத்திரம் கிரேஸ் ஆர்ச்சர் இறந்துபோகிறாள். போட்டி நிலையத்தின் முதல் இரவை ஒரு வானொலிச் சாவு மறைத்துவிட்டது. இதற்கு இணையாக எந்தக் காட்சியையும் நான் வைக்கமாட்டேன்.

பழைய பகுதிகள்
ஆர்ச்சர்ஸ்: ஆரம்பகாலத்தவை பலவும் பாதுகாக்கப்படவில்லை.
கொரோனேஷன் ஸ்ட்ரீட்: முதல் பகுதியே இருக்கிறது. அதில் கென் பார்லோவாக வரும் வில்லியம் ரோச் அரை நூற்றாண்டு தாண்டியும் அதே வேடத்தில் நடித்தார்.

நேரம்
ஆர்ச்சர்ஸ் ஒரு பகுதி சுமார் 13 நிமிடம். வாரம் தவறவிட்டால் ஞாயிறு தொகுப்பு உண்டு. மற்றதற்கு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

வேலைக்கு நடுவே கேட்க, கிராம வாழ்வு அறிய ஆர்ச்சர்ஸ். முதல் நாளிலிருந்து சான்றோடு ஆராய கொரோனேஷன் ஸ்ட்ரீட்.