மனிதர் போன பிறகும் தீமை இருக்குமா?

மனிதர் ஒருவர்கூட இல்லாத உலகில் தீமை இருக்குமா? இந்தக் கேள்விக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பல பதில்கள் சென்னைக்குள்ளேயே குடியிருக்கின்றன.

ராயபுரத்தில் 1910 முதல் பார்சிகளின் தீக்கோயில் ஒன்று இருக்கிறது. அவர்களுடைய ஜரதுஷ்டிர மரபின்படி, நன்மையின் இறைவன் அகுரா மஸ்தாவுக்கு எதிரே தீமையின் ஆவியான அங்ர மைன்யு நிற்கிறான். மனிதன் தோன்றும் முன்பே தொடங்கிய போர் அது. நாமெல்லாம் பின்னால் வந்து சேர்ந்த படைவீரர்கள். துன்பத்துக்குக் கடவுள் பொறுப்பில்லை என்று இந்தப் பதில் அவரைக் காப்பாற்றிவிடுகிறது. ஆனால் போர் முடியும்வரை அவரை எல்லாம் வல்லவர் என்று சொல்வது கடினம். கிறிஸ்தவத்தின் சாத்தானும் இஸ்லாத்தின் இப்லீசும் இந்த அளவுக்குப் போவதில்லை. அவர்கள் படைக்கப்பட்டவர்கள், தூண்டிவிடலாம், அவ்வளவுதான்.

கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டின், நன்மையும் தீமையும் தனித்தனிச் சக்திகள் என்கிற மானியின் இருமைச் சமயத்தில் ஒன்பது ஆண்டுகள் இருந்து, பிறகு அதை உதறியவர். தீமை என்று தனிப் பொருளே கிடையாது, இருக்க வேண்டிய நன்மை இல்லாமல் போன இடம்தான் அது என்றார். தர்க்கம் கச்சிதமாகத்தான் இருக்கிறது. ஆனால் பல்வலியால் துடிப்பவரிடம் 'இது சுகத்தின் இன்மை' என்று சொல்லிப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

நம் ஊர்ச் சைவ சித்தாந்தத்தின் பதில் இவ்விரண்டையும்விட ஆழமானது. மெய்கண்டார் வழியில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றுமே அநாதி, தொடக்கமில்லாதவை. பாசத்தில் ஒன்றான ஆணவ மலத்தைச் சிவன் படைக்கவில்லை, மனிதனும் உண்டாக்கவில்லை. செம்பில் களிம்பு போல அது உயிரோடு என்றும் ஒட்டியிருக்கிறது. ஆணவம் அறிவில்லாத சடப்பொருள் என்பதுதான் இதில் முக்கியம். அதற்குச் சதித்திட்டம் இல்லை, யார் மீதும் வஞ்சம் இல்லை. உயிரின் அறிவை மறைப்பது மட்டுமே அதன் வேலை. உயிர் என்றால் மனித உயிர் மட்டுமல்ல. புல்லும் புழுவும் அதில் அடக்கம். ஆகவே மனிதர் இல்லாத காட்டிலும் ஆணவம் உண்டு, உயிரே இல்லாத பாறையில் அதற்கு வேலை இல்லை. சாத்தானை நம்பத் தயங்குகிறவர்கள்கூட இந்தப் பதிலைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. எனக்கு இடிப்பது ஒன்றுதான். புழுவுக்கும் ஊழல் அதிகாரிக்கும் ஒரே மலம் என்றால், அதிகாரியிடம் தனியாகக் கோபப்பட எனக்கு என்ன பிடிமானம்?

அந்தப் பிடிமானத்தை மனிதனே மூலம் என்கிற கட்சி தருகிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, சுமத்ரா அருகே 9.1 அளவில் நிலம் நடுங்கியதால் எழுந்த கடல் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம் வரை வந்து மனிதர்களைக் கொண்டுபோனது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி வீடுகளுக்குள் வந்தது. இரண்டும் தண்ணீர், இரண்டும் சாவு. முதலாவதற்குப் பின் நாடு சுனாமி எச்சரிக்கை மையம் கேட்டது. 2007இல் ஹைதராபாத்தில் அது வந்தது. இரண்டாவதற்குப் பின் மக்கள் கேட்டது வேறு: செம்பரம்பாக்கம் ஏரியை எப்போது, எவ்வளவு திறந்தார்கள், யார் முடிவெடுத்தார்கள்? 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை அதை மனிதரால் விளைந்த பேரழிவு என்றே சொன்னது. 1755இல் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் இடிந்ததையொட்டி, மறு ஆண்டு தத்துவவாதி ரூசோ எழுத்தாளர் வால்டேருக்கு எழுதிய கடிதத்தின் சாரமும் இதுதான்: ஆறேழு மாடி வீடுகளை இருபதாயிரம் என்ற கணக்கில் அங்கே நெருக்கிக் கட்டியது இயற்கை அல்ல.

இந்தக் கட்சிக்கும் ஒரு தலைவலி உண்டு. தான்சானியாவின் கோம்பே காட்டில் 1974 முதல் 1978 வரை, ஒன்றாய் இருந்து பிரிந்த சிம்பன்சிக் குழுவின் ஆண்களை மற்றக் குழு ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்துக் கொன்றதை சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடாலும் அவருடைய குழுவினரும் பதிவு செய்தார்கள். காக்கைக் கூட்டில் முட்டையிடும் குயிலை மன்னிப்பதைப்போல இதை என்னால் சும்மா விட முடியவில்லை. தீமையின் வாசற்படி மனிதனுக்குச் சற்று முன்னாலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நான் சார்ந்து நிற்கும் பதிலை எந்தத் தத்துவ நூலிலிருந்தும் எடுக்கவில்லை. அமாவாசையன்று கடை வாசலில் பூசணிக்காயின் மேல்புறத்தைச் சதுரமாகக் கீறி, உள்ளே குங்குமத்தைக் கரைத்து, சில்லறை போட்டு, கற்பூரம் ஏற்றி, மூன்று சுற்றுச் சுற்றி முச்சந்தியில் உடைப்பார்கள். பேயையோ பூதத்தையோ விரட்ட அல்ல, கண்ணேறு கழிய. வழியில் போன யாரோ ஒருவரின் பொறாமை அவர் கண்ணிலிருந்து இறங்கிக் கடை மேல் படிந்துவிட்டது. அவர் மறந்துபோய் வீட்டுக்குப் போயிருக்கலாம், செத்தே போயிருக்கலாம். அது இங்கேயே இருக்கும், பூசணிக்காய்க்குள் ஏறவும் செய்யும். அதாவது தீமை பிறக்க மனிதர் வேண்டும், நீடிக்க வேண்டியதில்லை. கண்ணேற்றில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதற்கு அடியில் இருக்கும் இந்தக் கணக்கில் இருக்கிறது. (சாலை நடுவே கிடக்கும் அந்தச் சிவந்த சதையில் மறுநாள் இரு சக்கர வாகனம் வழுக்குவது இக்கணக்கின் இலவச இணைப்பு.)

எண்ணூருக்குப் போனால் இது வெறும் பேச்சல்ல என்று தெரியும். அனல் மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் சாம்பல் நிறச் சேறாகப் படிந்திருக்கிறது. நாளை காலை சென்னையில் ஒருவரும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் சேறு அங்கேயே கிடக்கும்; நண்டு அதற்குள்தான் வளை தோண்டும். சாம்பலுக்கு வன்மம் இல்லை, ஆணவம்கூட இல்லை. ஆனாலும் அதை 2004இன் அலையோடு ஒரே பேரேட்டில் எழுத மாட்டேன். அலையை யாரும் அனுப்பவில்லை. சாம்பலைக் குழாய் வழியே அனுப்பினார்கள், குழாய் கசிகிறது என்று மீனவர்கள் சொன்ன பிறகும் அனுப்பினார்கள்.