டிரம்பெட்டில் நாக்கு உருட்டலா, உறுமலா?

வேலூரில் கல்யாண ஊர்வலங்களுக்கு டிரம்பெட் வாசிக்கும் தம்பி ஒருவன் கேட்டான்: “அண்ணே, கரகரப்பு வேணும்னா எது நல்லது?”

நாக்கு உருட்டல் நமக்குச் சுலபம். ‘ர்ர்ர்’ என்று நாக்கை உருட்டியபடியே ஊத வேண்டியதுதான். 1897இல் ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் ‘டான் கிஹோட்டே’ என்ற ஆர்கெஸ்ட்ரா இசையில் ஆடு கத்துவதை இப்படித்தான் காட்டினார். என்ன, சத்தம் குறைத்து வாசித்தால் நாக்கு நின்றுவிடும்.

உறுமல் வேறு ரகம். ஊதிக்கொண்டே தொண்டையில் இன்னொரு சுருதியை முனக வேண்டும். இரண்டும் மோதும்போது ஒலி கரடுமுரடாகும். 1920களில் டியூக் எலிங்டன் ஜாஸ் குழுவின் டிரம்பெட் கலைஞர் பப்பர் மைலி, இதோடு பிளஞ்சர் மியூட்டும் (டிரம்பெட்டின் வாயை மூடித் திறக்கும் ரப்பர் கிண்ணம்) சேர்த்து டிரம்பெட்டைப் பேசவே வைத்தார். பழக நாளாகும்.

என் ஓட்டு உறுமலுக்குத்தான். ஆனால் சித்திரை வெயிலில், தொண்டை வறண்டு, சத்துவாச்சாரி ஊர்வலத்திலா? சரி, உருட்டிவிட்டுப் போடா தம்பி.