இனிப்பு பட்டதும் பல் சுரீர் என்கிறதா? மரத்துப்போக வைக்கும் ஜெல்லை வாங்கி ஏமாறாதீர்கள்

"மூன்றே நாளில் பல் கூச்சம் போயே போச்சு" என்று விற்கும் ஜெல்லையும் எண்ணெயையும் நம்பியவர்களில் பலர் கடைசியில் வந்து உட்காருவது ரூட் கேனல் (பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்துவிட்டு அடைக்கும் சிகிச்சை) நாற்காலியில்தான். விற்கிற விதம் எங்கும் ஒன்றே. இனிப்பு தின்றால் கடைவாய்ப் பல் கூசுகிறது என்று கேட்டால், வாயைத் திறந்துகூடப் பார்க்காமல் ஒரு டியூபை நீட்டிவிடுவார்கள். தடவியதும் வலி நிற்கும். நிற்காமல் என்ன செய்யும்? அதில் இருப்பது பெரும்பாலும் பென்சோகெயின், இல்லையென்றால் கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினால். இரண்டுமே மரத்துப்போகச் செய்பவை. உள்ளே சொத்தை தன் பாட்டுக்குப் பரவிக்கொண்டே இருக்கும். (பென்சோகெயினை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தடவவே கூடாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே அது குறைத்துவிடலாம்.)

பல்லின் கெட்டியான வெளி உறையான எனாமலுக்கு உணர்வு கிடையாது. அதற்கடியில் உள்ள டென்டினில் ஒன்றிரண்டு மைக்ரான் அகலக் குழாய்கள் ஏராளம், அவற்றில் நீர்மம் நிறைந்திருக்கும். எனாமல் சொத்தையானாலோ, பழைய ஃபில்லிங்கின் ஓரம் விட்டுப்போனாலோ, ஈறு இறங்கி வேர் வெளியே தெரிந்தாலோ அந்தக் குழாய்களின் வாய் திறந்துகொள்ளும். அடர்த்தியான சர்க்கரை அங்கே பட்டால் சவ்வூடு பரவலால் நீர்மம் வெளிப்பக்கம் இழுபடும். அந்த அசைவுதான் நரம்பைச் சுண்டுகிறது. வெறும் தண்ணீரில் கொப்பளித்ததும் வலி அடங்குவதும் இதனால்தான்.

வலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். சில நொடிகளில் போய்விட்டால் நரம்பு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஃபில்லிங்கோ பேஸ்டோ போதும். இனிப்பை விழுங்கிய பிறகும் அரை நிமிடத்துக்கு மேல் விண்விண் என்று தெறித்தாலோ, ராத்திரியில் தானாகவே வலித்து எழுப்பினாலோ நரம்பு அழற்சி முற்றியிருக்கலாம். அந்த வலி ஒரு நாள் திடீரென நின்றுபோனால் "குணமாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். நரம்பு செத்திருக்கவும் கூடும். அடுத்து வேர் நுனியில் சீழ் கட்டும்.

கூச்சத்துக்கென்று உள்ள நல்ல பேஸ்டுகளைக் குறை சொல்லவில்லை. 5% பொட்டாசியம் நைட்ரேட் உள்ளதைத் தினம் இருமுறை தேய்த்து, துப்பிவிட்டு, தண்ணீரில் கொப்பளிக்காமல் விட்டால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் பலன் தெரியும். ஆனால் ஈறு இறங்கிய கூச்சத்துக்குத்தான் அது. சொத்தைக் குழியை எந்த பேஸ்டும் அடைக்காது. "வெண்மை" என்று சொல்லி விற்கும் கரித்தூள் இன்னும் மோசம். வெளியே தெரியும் வேரை அதுவே தேய்த்து, கூச்சத்தைக் கூட்டும்.

இதற்கு நேர்மாறான மோசடியும் உண்டு: ஈறு இறங்கிக் கூசும் நல்ல பல்லுக்கு, ஒரு சோதனையும் செய்யாமல் ரூட் கேனல் என்று சொல்வது. குளிர் வைத்துப் பார்த்தீர்களா, பக்கத்துப் பல்லோடு ஒப்பிட்டீர்களா, தட்டிப் பார்த்தீர்களா என்று பல் மருத்துவரிடம் கேளுங்கள். இரு பற்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் சொத்தை கண்ணுக்குத் தெரியாது. அதற்கு பைட்விங் எக்ஸ்ரே (வாய்க்குள் வைத்ததைக் கடித்தபடி எடுக்கும் படம்) எடுக்கவேண்டும். கடித்து விடும்போது மட்டும் சுரீர் என்றால் விரிசலாக இருக்கலாம், அதையும் மறக்காமல் சொல்லுங்கள். எக்ஸ்ரே படத்தைக் காட்டி எந்த இடம் என்று விளக்க மருத்துவர் மறுத்தால், சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளாமல் எக்ஸ்ரேயை வாங்கிக்கொண்டு இன்னொருவரிடம் காட்டுங்கள்.