மாட்டுங்காவில் வாங்கிய மேசை விரிப்பு: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

மும்பை மாட்டுங்கா ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள ஒரு கடையில், மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் ஒளிபுகும் பிவிசி விரிப்பைச் சாப்பாட்டு மேசைக்காகக் கடந்த தீபாவளிக்கு முன் வாங்கினோம். தேக்கின் இழையோட்டம் அதன் அடியில் அழகாகத் தெரிகிறது. ரசம் சிந்தினால் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தாலே போதும். விரிப்பு என்ற அளவில் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிரித்துப் போட்ட நாளிலிருந்து பத்து நாட்கள் வரை புது ரெயின்கோட்டின் வாடை வீசியது. வெயிலில் காய வைத்தால் போய்விடும் என்று கடைக்காரர் சொன்னார், அப்படியே போயிற்று. ஆனால் அதன்பின், இரண்டு நாள் மேசையில் கிடந்த செய்தித்தாளின் தலைப்பெழுத்துகள் இடவலம் மாறி விரிப்பில் பதிந்திருந்தன. பேரன் மறந்து வைத்த பிளாஸ்டிக் ஸ்கேலை ஒரு வாரம் கழித்து எடுத்தபோது, அது ஒட்டிக்கொண்டு, அடிப்பக்கம் பிசுபிசுத்துப் போயிருந்தது.

பிவிசி இயல்பில் தண்ணீர்க் குழாயைப் போல விறைப்பானது. அதை வளையச் செய்யச் சேர்க்கும் நெகிழ்வூட்டிகளில் தாலேட்டுகளே நெடுங்காலமாகப் பெருமளவில் பயன்பட்டு வருபவை. மென்மையான பிவிசியின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட நெகிழ்வூட்டியாக இருக்கலாம். அது பிளாஸ்டிக்குடன் வேதிப்பிணைப்பு கொள்வதில்லை, பிசைந்த மாவில் விட்ட எண்ணெய்போல ஊடே தங்கியிருக்கிறது. அதனால்தான் சூடும் எண்ணெய்ப் பசையும் பட்டால் எளிதில் வெளியேறுகிறது. தாலேட்டுகளில் அதிகம் பேசப்படும் டிஇஎச்பிக்கு ஏறக்குறைய வாடையே கிடையாது என்பதால், வாடை போனதை வைத்து நிம்மதி கொள்வதற்கில்லை.

இவ்வளவு கவலை எனக்கு ஏன் என்றால், என் மகள் வயிற்றுப் பேத்திக்குப் பத்து மாதம். மேசைக்காலைப் பிடித்து எழுந்து நிற்பவள், தொங்கும் விளிம்பை வாய்க்குள் இழுத்துச் சப்புகிறாள். கருவிலிருக்கும் ஆண் எலிக்குட்டிகளில் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பை டிஇஎச்பி குறைத்து, இனப்பெருக்க உறுப்புகளின் வளர்ச்சியைக் கெடுப்பது ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியமுள்ள பொருள்களின் பட்டியலிலும் உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைச் சேர்த்துள்ளது. உடலுக்குள் சென்றதில் பெரும்பகுதி ஓரிரு நாட்களில் சிறுநீரில் வெளியேறிவிடும் என்பது உண்மைதான், ஆனால் அன்றாடம் சப்பும் குழந்தைக்கு அன்றாடமும் புதிதாகச் சேருமே.

நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அதற்கான ஐஎஸ் 9873 தரத்தின் 9ஆம் பகுதி தாலேட்டுகளுக்கே உரியது. மேசை விரிப்பு பொம்மையல்ல என்பதால் அந்த ஆணை இதைத் தொடவில்லை. ஐரோப்பிய ஒன்றியமோ, பொம்மைகளுக்கு 2005இல் விதித்த 0.1 சதவீத வரம்பை, டிஇஎச்பி உள்ளிட்ட நான்கு தாலேட்டுகளுக்கு 2020 முதல் பெரும்பாலான வீட்டுப் பொருள்களுக்கும் விரித்துவிட்டது. கடைக்குத் திரும்பிச் சென்று என்ன நெகிழ்வூட்டி சேர்த்திருக்கிறார்கள் என்று கேட்டேன். சுருளின் மேல் தடிமனும் விலையும் மட்டுமே எழுதியிருந்தன. இந்த விரிப்பைப் பற்றிய என் முதன்மையான புகார் இதுதான்.

விரிப்பைக் கழித்துக் கட்டுவதும் எளிதாக இல்லை. தாலேட்டுகளை உண்டு வாழும் பாக்டீரியாக்கள் மண்ணிலும் நீரிலும் உள்ளன. பவாயில் ஐஐடி பம்பாயிலும் அவற்றை ஆராய்ந்திருக்கிறார்கள். அவற்றின் எஸ்டரேஸ் நொதிகள் முதலில் தாலேட் மூலக்கூறில் வால்போல நீளும் இரு பக்கச் சங்கிலிகளையும் ஒவ்வொன்றாக வெட்டித் தாலிக் அமிலமாக்குகின்றன, பிறகு வேறு நொதிகள் அதிலுள்ள பென்சீன் வளையத்தையே உடைக்க, எஞ்சுவது கரியமில வாயுவும் நீரும். ஆனால் டிஇஎச்பி போன்ற நீண்ட வால் கொண்டவை மெதுவாகவே சிதைகின்றன. காற்றுப் புகாத குப்பைமேட்டின் அடியாழத்தில் அந்த வேலை இன்னும் மந்தம். மும்பையின் தேவனார் குப்பைமேட்டில் மலையாய்க் குவிந்திருப்பதை நினைத்தால் இதைக் குப்பைத்தொட்டியில் போட எனக்கு மனம் வரவில்லை. பழைய பொருள் வாங்குபவரும் வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

குழந்தையில்லாத வீட்டில், சூடான பாத்திரமும் எண்ணெய்ப் பலகாரமும் நேரடியாகப் படாத மேசைக்கு இது உதவலாம்; ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தருகிறேன். எங்கள் மேசையில் இப்போது கைத்தறித் துணி கிடக்கிறது. விரிப்பைச் சுருட்டிப் பரண்மேல், பேத்தியின் கைக்கு எட்டாமல் வைத்திருக்கிறேன்.