வலிக்காத அளவுக்கு மட்டும் அசையுங்கள்: ஃபெல்டன்கிரைஸ் பயிற்சியோடு சில ஆண்டுகள்

கொரோனாவால் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த 2020-ல்தான், மெல்லிய அசைவுகளால் உடம்பைக் கவனிக்கக் கற்றுத்தரும் ஃபெல்டன்கிரைஸ் பயிற்சியைத் தொடங்கினேன். இன்றுவரை விடவில்லை. சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்பு) பெண்களுக்கு இந்தப் பெயர் வாயில் நுழையாது. "டீச்சர் பாய் போட்டுச் செய்வாங்களே, அது" என்றுதான் சொல்வார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகள் எல்லாம் ஒன்றுதான்: இதைச் செய்தால் என்ன ஆகும்? இத்தனை காலம் செய்த பிறகு அதற்குப் பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

தமிழ்ப்பள்ளியில் கரும்பலகை முன்னால் நின்றே வேலைக்காலம் முடிந்தது. ஓய்வுபெறும்போது இடுப்பு வலியும் கூடவே வந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். வயதுக்கு ஏற்ற தேய்மானம், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். மாத்திரை போட்டால் இரண்டு நாள் சரியாக இருக்கும், அப்புறம் பழைய கதைதான். என் தங்கை மகள் பினாங்கில் பிசியோவாக இருக்கிறாள். ஊர் அடங்கிக் கிடந்த அந்த நாளில் அவள்தான் ஓர் ஒலிப்பதிவை அனுப்பி, "பெரியம்மா, தரையில் படுத்துக்கொண்டு இதைக் கேளுங்க. வலிக்கிற அளவுக்கு எதையும் செய்யாதீங்க" என்றாள்.

அந்தப் பாடம் இடுப்புக் கடிகாரம். இந்த முறையில் மிகவும் பேர்போன பாடங்களில் அது ஒன்று. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதத்தைத் தரையில் ஊன்றிக்கொள்ள வேண்டும். இடுப்புக்கு அடியில் ஒரு கடிகாரம் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். கச்சை கட்டும் இடம் 12 மணி, வால் எலும்பு 6 மணி. இடுப்பை மெல்ல உருட்டி எடையை 12-க்குக் கொண்டுபோனால் முதுகின் அடிப்பகுதி பாயில் படியும். 6-க்கு வந்தால் முதுகுக்கும் பாய்க்கும் நடுவே கை நுழையும் அளவுக்கு இடைவெளி விழும். இதையே பலமுறை, அவசரமில்லாமல் செய்ய வேண்டும். அப்புறம் 3-க்கும் 9-க்கும். கடைசியில் ஒவ்வொரு மணியாகத் தொட்டுக்கொண்டு முழு வட்டம்.

வட்டம் சுற்றியபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒரு பக்கம் 1, 2, 3 என்று வழுக்கிக்கொண்டு போகிறது. மறுபக்கம் 7-லிருந்து நேரே 9-க்குத் தாவிவிடுகிறது. 8 மணி என்று ஓர் இடமே என் இடுப்பில் இல்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் தாடையை இறுக்கிக்கொண்டு மூச்சையும் பிடித்து வைத்திருந்தேன். எவ்வளவு காலமாக அப்படிச் செய்துகொண்டிருந்தேனோ! இடுப்பு வலிக்கும் தாடைக்கும் தொடர்பு இருக்கும் என்று யாரும் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். பாடம் முடிந்து எழுந்து நின்றபோது இரண்டு பாதமும் தரையில் சமமாகப் பதிந்திருந்தன. அந்த உணர்வு அன்று மாலை வரை இருந்தது, மறுநாள் இல்லை. ஆனாலும் அப்படியும் நிற்க முடியும் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் தொடர்ந்தேன்.

இதைக் கண்டுபிடித்தவர் மோஷே ஃபெல்டன்கிரைஸ். 1904-ல் இன்றைய உக்ரைனில் உள்ள ஸ்லாவுதாவில் பிறந்தவர். பதினான்கு வயதில் பாலஸ்தீனம் போய்க் கூலி வேலை செய்திருக்கிறார். பிறகு பாரிசில் பொறியியல் படித்து, இயற்பியல் அறிஞர் ஜோலியோ கியூரியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோவை 1933-ல் பாரிசில் சந்தித்து, தானும் கறுப்புப் பட்டை வாங்கியவர். அவருக்குப் பந்து விளையாட்டில் முட்டி போய்விட்டது. அறுவை செய்தாலும் சரியாகும் என்று டாக்டர்களால் உறுதி சொல்ல முடியவில்லை. அதனால் தான் எப்படி நடக்கிறேன், எந்த இடத்தில் எடையைப் போடுகிறேன் என்று தன்னையே கவனித்துப் படித்தார். அதில் விளைந்ததுதான் இந்த முறை. இஸ்ரேல் பிரதமர் பென் குரியன் முதுகுவலியோடு இவரிடம் வந்து பாடம் கேட்டவர். 1957-ல் பென் குரியன் கடற்கரையில் தலைகீழாக நிற்கும் படம் உலகம் முழுக்கப் பரவியது. ஃபெல்டன்கிரைஸ் 1984-ல் டெல் அவிவில் காலமானார்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஆசிரியர் வாயால் சொல்லச் சொல்ல நாமே அசைவது. மற்றது, ஆசிரியர் நம் உடம்பைக் கையால் மெல்ல அசைத்துக் காட்டுவது. எங்கள் ஊரில் பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாததால் நான் செய்ததெல்லாம் முதல் வகைதான். பாடம் சொல்பவர் செய்து காட்ட மாட்டார். இது எனக்குப் பிடித்த விஷயம். செய்து காட்டினால் நாம் அவரைப் பார்த்து அதே மாதிரி வர முயற்சி செய்வோம். நம் உடம்பைக் கவனிக்க மாட்டோம். யோகாவில் போய்ச் சேர வேண்டிய நிலை ஒன்று இருக்கிறது. இங்கே அப்படி எதுவும் கிடையாது.

ஏன் இவ்வளவு சின்ன அசைவு என்று எல்லாரும் கேட்பார்கள். வெபர், ஃபெக்னர் என்ற இரண்டு ஜெர்மானிய அறிஞர்கள் 19-ஆம் நூற்றாண்டில் சொன்ன விதியைத்தான் ஃபெல்டன்கிரைஸ் இதற்கு எடுத்துக்கொண்டார்: சுமை எவ்வளவு குறைவோ அவ்வளவு நுட்பமாக வேறுபாடு தெரியும். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். இரண்டு வாளியும் நிறைந்த காண்டாவை (வாளிகள் தொங்கும் காவடிக் கம்பு) தோளில் தூக்கிக்கொண்டு போகும்போது யாராவது ஒரு மங்கு (மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம்) பாலை அதிகம் ஊற்றினால் தெரியுமா? தெரியாது. வெறுங்கையில் அதே மங்கைக் கொடுத்தால் தெரியும். முக்கி முனகிச் செய்யும் அசைவில் உடம்பு எதையும் கண்டுகொள்ளாது.

இதைச் சொல்லும்போது என் அம்மாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். மரத்தில் வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரியும், சுமார் 30 பாகை. உளியை இழுத்தபடியே மரத்தைச் சுற்றிக் கால் மாற்றி நகர வேண்டும். நாளுக்கு நாள் பட்டை சீவச் சீவ வெட்டு கீழே இறங்கும், வெட்டுபவரின் முதுகும் கூடவே இறங்கும். ஒரு நாளைக்கு 500 மரம் என்றால், ஒரே பக்கமாக 500 தடவை சாய்கிற உடம்பு. அப்புறம் காண்டா தூக்குகிற தோள். செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்த பிறகு பெண்களுக்கு உதிர்ந்த பழம் பொறுக்குகிற வேலை, அது முழுக்கக் குந்தியே செய்வது. ஆண்கள் நீண்ட கம்பில் மாட்டிய அரிவாளோடு மணிக்கணக்காக அண்ணாந்து குலை வெட்டினார்கள். எங்கள் தாமானில் ஐம்பது வயது தாண்டிய யாரையும் பின்னாலிருந்து பார்த்தே அவர் மரம் வெட்டியவரா, குலை வெட்டியவரா என்று என்னால் சொல்ல முடியும்.

இந்த உடம்புகளுக்கு யாரும் ஒருநாளும் 'உனக்கு எப்படி இருக்கிறது' என்று கவனிக்கச் சொல்லித் தந்ததில்லை. விடியற்காலை பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு) நிற்க வேண்டும், நிரையை (தனக்கு ஒதுக்கிய மர வரிசையை) முடிக்க வேண்டும். வலித்தால் தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளும் போக வேண்டும். உடம்பை உழைக்கிற கருவியாக மட்டும் நடத்தித்தான் எங்கள் பெற்றோர் எங்களைப் படிக்க வைத்தார்கள். அதனால்தான் இந்தப் பயிற்சி எங்கள் மாதிரி இடத்துக்கு அவசியம் தேவை என்று அடித்துச் சொல்வேன். பட்டணத்தில் ஓய்வு நேரம் உள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது.

அம்மாவால் தரையில் படுக்க முடியாது. நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு பக்கத்துப் பிட்டத்து எலும்பில் மட்டும் எடையைச் சாய்த்துத் திரும்பச் சொன்னேன். அவ்வளவுதான். வலப்பக்கம் மட்டும் செய்துவிட்டு நிறுத்தினோம். கொஞ்ச நேரம் கண்ணை மூடியே இருந்தார். "பாப்பா, இந்தப் பக்கம் நல்லா உக்காந்திருக்கு. அந்தப் பக்கம் இன்னும் தூக்கிக்கிட்டே நிக்குது" என்றார். எண்பது வயதைத் தாண்டியவர் தன் உடம்பைப் பற்றி, வலி என்ற ஒன்றைத் தவிர வேறு எதையும் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு கோயில் மண்டபத்தில் ஞாயிறு காலையில் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டேன். மெங்குவாங் (தாழை ஓலை) பாய், தலைக்கு மடித்த கைலி, வேறு எதுவும் வேண்டாம். நான் ஆசிரியர் பயிற்சி பெற்றவள் இல்லை; அதற்கு மூன்று நான்கு ஆண்டுகளில் 800 மணி நேரம் படிக்க வேண்டும். ஒலிப்பதிவில் வருவதைத் தமிழில் எடுத்துச் சொல்வேன், அவ்வளவே. முதல் வாரம், "என்னா டீச்சர், வேர்வையே வரல, இது ஒரு பயிற்சியா?" என்று கேட்டவர்கள் உண்டு. சிலர் நின்றுவிட்டார்கள். தங்கியவர்களுக்கும் கடினமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்: குறைவாகச் செய்வது. "பாதியாகக் குறைங்க அக்கா" என்றால் அவமானப்பட்டது போல் பார்ப்பார்கள். எந்த வேலையையும் முழுசாகச் செய்து பழகியவர்கள் அவர்கள்.

எனக்கு என்ன மாறியது? இடுப்பு வலி போய்விடவில்லை. வருவதற்கு முன்னால் தெரிந்துகொள்கிறேன், தாடை இறுகும்போதே நிறுத்திக்கொள்கிறேன். மாத்திரை எடுப்பது வெகுவாகக் குறைந்தது. மழையில் வழுக்கும் மண்டபப் படியில் கைப்பிடியைத் தேடாமல் இறங்குகிறேன். தூக்கம் நன்றாக வருகிறது. கோபமும் குறைந்திருக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இதனால் தசை பலம் அதிகரிக்காது, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தேவையான நடைக்கு இது ஈடாகாது. நான் மாலையில் நடப்பதை விடவில்லை. பதிவுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், தேவைப்படுபவர்களுக்குப் போய்ச் சேருவதில்லை. ஆய்வு நிலவரமும் கலவைதான். ஆஸ்திரேலியாவில் 2015-ல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, முதியவர்களின் சமநிலைக்கு இது உதவும் என்று நம்பிக்கை தந்தது. அதே ஆண்டு அந்நாட்டு அரசு செய்த மதிப்பீடு, தெளிவான சான்று இல்லை என்றது. 2019-லிருந்து அங்கே தனியார் காப்புறுதிச் சலுகை பெறும் பட்டியலிலிருந்து இதை எடுத்துவிட்டார்கள். எனவே வைத்தியம் என்று நினைத்து யாரும் வர வேண்டாம். கால் மரத்துப் போகிறது, சிறுநீர் கட்டுப்படவில்லை, விழுந்த பிறகு வலிக்கிறது என்றால் முதலில் மருத்துவமனைதான்.

ஆர்வம் உள்ளவர்கள் இப்போதே ஒன்று செய்து பார்க்கலாம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சிரமம் இல்லாத அளவுக்குத் தலையை வலப்பக்கம் திருப்பி, சுவரில் எந்த இடம் வரை தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நடுவுக்கு வாருங்கள். இனி தலை வலப்பக்கம் போகும்போது கண் மட்டும் இடப்பக்கம் போகட்டும். ஏழெட்டு முறை, மெதுவாக, மூச்சை விட்டபடி. முதலில் குழம்பும், பரவாயில்லை, அசைவை இன்னும் சின்னதாக்குங்கள். கொஞ்சம் ஓய்வெடுத்துவிட்டு, கண்ணும் தலையும் சேர்ந்தே வலப்பக்கம் திரும்பிப் பாருங்கள். பெரும்பாலும் முன்பு குறித்த இடத்தைத் தாண்டியே தெரியும். இடப்பக்கத்துக்கு இன்று எதுவும் செய்ய வேண்டாம். வண்டியைப் பின்னால் எடுக்கும்போதும், யாராவது கூப்பிட்டுத் திரும்பும்போதும் இரண்டு பக்கமும் எப்படி வேறுபடுகின்றன என்று மட்டும் கவனியுங்கள்.