8 அங்குல டாப்சோனியனில் என்ஜிசி 1365 தெரியுமா? ஒரு வருட அனுபவம்

இந்த டாப்சோனியனை, அதாவது சுழலும் எளிய பீடத்தில் உட்காரும் கண்ணாடி டெலஸ்கோப்பை, வாங்கி ஒரு வருடம் ஆகிறது. 8 அங்குலக் கண்ணாடி, 1200 மி.மீ. குவியத்தூரம், மோட்டார் எதுவும் கிடையாது, கையால் தள்ளித் தள்ளித்தான் வானத்தைத் தேட வேண்டும். இதற்கு வருகிற விமர்சனங்களில் பாதி நிலாவையும் சனி வளையத்தையும் பார்த்துவிட்டு எழுதியவை, அதெல்லாம் சின்ன டெலஸ்கோப்பிலேயே தெரியும். எனக்கு வேண்டியிருந்தது என்ஜிசி 1365 என்ற ஒரு பட்டைச் சுருள் கேலக்ஸி. நடுவே குறுக்காக நீண்ட ஒரு பட்டை, அதன் இரண்டு முனையிலிருந்தும் ஆளுக்கொரு கை வளைந்து போகும். நம் பால்வெளியும் இந்த வகைதான், ஆனால் உள்ளேயே குடியிருப்பதால் வடிவம் நமக்குத் தெரியாது.

முதலில் குறைகள். பெட்டியின் மேல் நீலக் கைகளும் மஞ்சள் நடுவுமாக ஒரு கேலக்ஸி படம் போட்டிருந்தார்கள், அது சுத்த ஏமாற்று. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது, எந்தக் கேலக்ஸியும் சாம்பல் நிறப் புகையாகத்தான் தெரியும். அப்புறம், வந்த அன்றே கண்ணாடி கோணலாக இருந்தது. விற்றவர்களுக்குப் போன் செய்தால் "நீங்களே திருகிக்கலாம் சார்" என்று வைத்துவிட்டார்கள். உண்மையாகவே திருகிக்கொள்ளலாம்தான், ஆனால் அதைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. கூட வந்த 10 மி.மீ. ஐபீஸையும் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) மறந்துவிடுங்கள்.

மார்கழி அமாவாசைக்கு ஜவ்வாது மலையில் ஒரு நண்பரின் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். காவலூர் ஆய்வகம் இருக்கும் அதே மலை. தென்வானமும் நன்றாகத் தெரியும் என்பது அங்கே ஆய்வகம் வைத்ததற்கு ஒரு காரணம். என்ஜிசி 1365 இருக்கும் ஃபோர்னாக்ஸ் நட்சத்திரக் கூட்டம் நமக்குத் தெற்கே, தொடுவானத்துக்கும் உச்சிக்கும் ஏறக்குறைய நடுவில் வரும். லண்டன்காரர்களுக்கு அது தொடுவானத்தை உரசிவிட்டு அப்படியே இறங்கிவிடும், பாவம்.

தேடுவது லேசில்லை. ஓரியன் நட்சத்திரக் கூட்டத்துக்குத் தென்மேற்கே, பளிச்சென்று ஒரு நட்சத்திரம்கூட இல்லாத வெற்றிடம். முக்கால் மணி நேரம் ஆனது. 25 மி.மீ. ஐபீஸில், அதாவது 48 மடங்கில், ஒரு மங்கலான திட்டு, அவ்வளவுதான். இதற்கா அரை லட்சத்தைக் கொட்டினோம் என்று இருந்தது. நண்பரின் 15 மி.மீ. ஐபீஸைப் போட்டு, போனை அணைத்துவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். நேராகப் பார்த்தால் மறையும், ஓரக்கண்ணால் பார்த்தால் வரும். பத்து நிமிடம் கழித்து அந்தத் திட்டு பக்கவாட்டில் நீண்டது. பட்டை! ஒரு முனையில் கை ஒன்று வளைவது சில விநாடி தெரிந்தது, பிறகு போய்விட்டது. இன்னொரு கை கடைசிவரை தெரியவில்லை.

அந்த வெளிச்சம் கிளம்பி சுமார் 6 கோடி வருடம் ஆகிறது. பட்டையும் கைகளும் ஒரு முறை சுற்றி வர ஏறத்தாழ 35 கோடி வருடம். இந்தப் பட்டை சும்மா அழகுக்கு இல்லை, வெளியிலிருக்கும் வாயுவை வாய்க்கால் மாதிரி நடுவுக்கு இழுத்துவிடுகிறது. அங்கே புது நட்சத்திரங்கள் பிறக்கின்றன, மிச்சம் நடுவிலிருக்கும் கருந்துளைக்குத் தீனி. அந்தக் கருந்துளை அசுர வேகத்தில் சுழல்வதை எக்ஸ் கதிர்களை வைத்து 2013இல் அளந்தார்கள். இதெல்லாம் என் குழாயில் தெரியாது, படித்துவிட்டுப் போனால்தான் அந்தப் புகைக்கு அர்த்தம் வருகிறது. இந்தக் கேலக்ஸியை 1826இல் ஆஸ்திரேலியாவிலிருந்து முதலில் கண்டுபிடித்த ஜேம்ஸ் டன்லப்பிடம் இருந்தது 9 அங்குல உலோகக் கண்ணாடி. என்னுடையதைவிட ஓர் அங்குலம்தான் கூட, அந்த மனுஷனுக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லக்கூட ஆள் இல்லை.

ஆகவே, நகர மாடியிலிருந்து கேலக்ஸி பார்க்கத்தான் என்றால் வாங்காதீர்கள். வருடத்துக்கு நாலு தடவையாவது இருட்டான ஊருக்குப் போக முடியும், வண்டியில் இடம் இருக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம். கூடவே பனி மறைப்பு ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள், நான் வாங்கவில்லை. தோட்டத்துப் பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தவர், "கண்ணாடியில ஆவி படிஞ்ச மாதிரி இருக்குது தம்பி" என்றார். அதுதான் ஐயா கேலக்ஸி, 6 கோடி வருஷத்துக்கு முந்தைய வெளிச்சம் என்று விளக்கிவிட்டு நானும் குனிந்தேன். ஐபீஸ் முழுக்கப் பனி.