தேரூர்க் குளக்கரை முதல் வட்டக்கோட்டை வரை: சிறு பிள்ளைகளோடு சைக்கிள் ஓட்டிப் பார்த்த சாலைகள்

எங்கள் வீட்டில் மூத்தவனுக்கு ஒன்பது வயது. இருபது அங்குலச் சைக்கிளைத் தனியாக ஓட்டுவான். இளையவளுக்கு நான்கு வயது. என் சைக்கிளின் பின்னிருக்கையில் வார் கட்டி உட்கார்ந்து வருவாள். நாகர்கோவில் வடசேரியில் குடியிருக்கும் நாங்கள், கடந்த ஓராண்டாக மழையில்லாத வார இறுதிகளில் எல்லாம் குமரி மாவட்டத்தின் ஏதாவது ஒரு சாலையில் இவர்களோடு ஓட்டிப் பார்த்திருக்கிறோம். அழகான சாலை எது என்று கேட்டால் இந்த ஊரில் யாரும் பத்துப் பெயர் சொல்வார்கள். சிறு பிள்ளையை நம்பி இறக்கிவிடக் கூடிய சாலை எது என்று கேட்டால் பதில் எளிதில் கிடைப்பதில்லை என்பதால், நாங்கள் கண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஒரு சாலையை நான் மூன்று கேள்விகளால் அளக்கிறேன். லாரியும் பேருந்தும் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வருகின்றன, பிள்ளை தடுமாறி இடது பக்கம் சாய்ந்தால் அங்கே மண் இருக்கிறதா அல்லது வாய்க்கால் இருக்கிறதா, நிறுத்தி இறங்கிப் பார்ப்பதற்கு ஏதாவது உண்டா என்பவையே அவை. மூன்றாவது கேள்வியைச் சிறியது என்று நினைத்துவிடக் கூடாது. ஒன்பது வயதுப் பையன் எட்டுக் கிலோமீட்டர் ஓட்டுவது காலின் பலத்தால் அல்ல. அடுத்த வளைவில் என்ன இருக்கிறது என்ற ஆசையால்தான்.

இந்த மூன்றிலும் முதலிடம் பெறுவது சுசீந்திரத்திலிருந்து தேரூர் போகும் சாலைதான். நாகர்கோவில் நகரத்திலிருந்து சுசீந்திரம் வரை கன்னியாகுமரி நெடுஞ்சாலையில் பிள்ளைகளை ஓட்ட விடவே கூடாது. நாங்கள் சைக்கிள்களை ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிச் சுசீந்திரம் வரை கொண்டுபோய், அங்கிருந்துதான் மிதிக்கத் தொடங்குவோம். வீட்டு வாசலிலிருந்தே ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டபிறகுதான் எங்கள் பயணங்கள் நிம்மதியாக அமைந்தன.

நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பியதும் இரைச்சல் அடங்கிவிடுகிறது. வயலும் குளமும் தென்னையுமாக நாஞ்சில் நாட்டின் முகம் அங்கே முழுமையாகத் தெரிகிறது. ஏற்ற இறக்கம் இல்லாத தரை என்பது சிறுவர்களுக்குப் பெரிய வரம். சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022ஆம் ஆண்டில், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றவை. குளிர்காலத்தில் கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் கரையிலிருந்தே கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நிற்கும். ஜனவரி மாதக் காலை ஒன்றில் தாமரை இலைகளின் மேல் ஓர் இலைக்கோழி நடந்து போனதைப் பையன் பார்த்துவிட்டான். அதன் கால்விரல்கள் உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் விரிந்து, ஒவ்வோர் இலையையும் லேசாக அமிழ்த்திவிட்டு எழுந்தன. இலை மறுபடியும் மேலே வருவதற்குள் அது அடுத்த இலையில் நின்றது. அரை மணி நேரம் நாங்கள் ஓர் அடியும் நகரவில்லை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1876இல் பிறந்த ஊர் இந்தத் தேரூர்தான் என்று சொன்னதும், பள்ளிப் பாடத்தில் படித்த பெயருக்கு ஓர் ஊரும் குளமும் இருக்கின்றன என்ற வியப்பு அவன் முகத்தில் தெரிந்தது.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜனவரியில் இங்கே சூரியன் எழவே ஆறரை மணி தாண்டிவிடும். அதற்கு முன் இருட்டில் பிள்ளைகளை இறக்காதீர்கள். ஆறே முக்கால் மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிட்டால் வெயிலும் இல்லை, பள்ளி வண்டிகளும் வேலைக்குப் போகும் இருசக்கர வாகனங்களும் இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் ஆறு மணிக்கே நல்ல வெளிச்சம் வந்துவிடுவதால் இன்னும் முன்னதாகவே கிளம்பலாம்.

இந்தச் சாலையின் குறை அறுவடைக் காலத்தில் தெரியும். கும்பப்பூ என்ற நெற்போகத்தின் அறுவடை நடக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களிலும் கன்னிப்பூ அறுவடை நடக்கும் செப்டம்பரிலும் சாலையோரத்தில் நெல்லும் வைக்கோலும் உலர்த்துவார்கள். உழவர்களுக்கு வேறு களம் இல்லாதபோது அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வைக்கோலின் மேல் பிரேக் பிடித்தால் சிறிய சக்கரம் உடனே சறுக்கிவிடும். எங்களை நிறுத்தி இதைச் சொன்னவர் வயலில் நின்றிருந்த ஒரு பெரியவர்தான்: “மக்களே, கதிர் அறுக்கிற சமயம் பிள்ளைய உருட்டிட்டு நடந்து போகச் சொல்லுங்க. வைக்கோல்ல சக்கரம் வழுக்கும்.” அன்று முதல் வைக்கோலைக் கண்டால் நாங்கள் இறங்கிவிடுகிறோம்.

இதே பயணத்தில்தான் வாடகைச் சைக்கிளின் குறையும் வெளிப்பட்டது. தொடக்கத்தில் பெரியவர்களுக்கான இரண்டு சைக்கிள்களையும் நகரத்தில் உள்ள ஒரு கடையில் வாடகைக்கு எடுத்தோம். செயின் சுத்தமாக இருந்தது, காற்று சரியாக இருந்தது, பிரேக்கும் பிடித்தது. ஆனால் குழந்தை இருக்கையைக் கேரியரின் மேல் வைத்துக் கட்டியிருந்தார்களே தவிர, பின்சக்கரத்தின் கம்பிகளுக்குக் குழந்தையின் கால் போகாதபடி மறைப்பு எதுவும் வைக்கவில்லை. நானும் அதைக் கவனிக்காமல் வாங்கி வந்துவிட்டேன். தேரூருக்குள் நுழையும்போது பின்னால் ஒரு விசித்திரமான சத்தம் கேட்டுச் சக்கரம் திணறி நின்றது. மகளின் செருப்பு வார் கம்பிகளுக்கு நடுவே சுற்றிக்கொண்டிருந்தது. குதிகாலில் தோல் உரிந்து இரத்தம் கசிந்திருந்தது. மெதுவாகப் போய்க்கொண்டிருந்ததால் அதோடு போயிற்று. வேகம் கூடுதலாக இருந்திருந்தால் எலும்பே முறிந்திருக்கும் என்று, மருந்து வைத்துக் கட்டிய செவிலியர் சொன்னார். கடையில் திரும்பிப் போய்ச் சொன்னபோது கடைக்காரத் தம்பி வருந்தினார். ஆனாலும் மறுவாரம் நான் பார்த்தபோது அதே சைக்கிள் மறைப்பு இல்லாமலேயே நின்றது. அந்தக் கடையை என்னால் பரிந்துரைக்க முடியாது.

ஆகையால் எந்தக் கடையில் எடுத்தாலும் நீங்களே குனிந்து பாருங்கள். இருக்கையின் கால்மிதிகளில் பாதத்தைக் கட்டும் வார் இருக்க வேண்டும். சக்கரத்தின் இரு பக்கமும் வலையோ தகடோ இருக்க வேண்டும். செருப்புக்குப் பதிலாகக் காலை மூடும் ஷூ போட வேண்டும். பின்னிருக்கைகள் பெரும்பாலும் 22 கிலோ எடை வரைதான் தாங்கும்படி செய்யப்படுகின்றன. இருக்கையின் மேல் பொறித்திருக்கும் எடையைப் படித்துப் பார்த்துவிட்டுப் பிள்ளையை உட்கார வையுங்கள். தானாக நிமிர்ந்து உட்காராத கைக்குழந்தையை எந்தச் சைக்கிளிலும் ஏற்றக் கூடாது. ஹெல்மெட் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் நிற்க வேண்டும். மோவாய்க்கும் வாருக்கும் இடையில் இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. நெற்றி முழுவதும் தெரியும்படி பின்னால் சாய்த்துப் போட்ட ஹெல்மெட் முன்பக்கம் விழும்போது உதவாது. நாங்கள் கடைசியில் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி, தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து இருக்கையும் வலையும் பொருத்திக்கொண்டோம். ஆறு மாத வாடகையைக் கூட்டிப் பார்த்தால் அதுவே லாபம்.

அடுத்ததாகச் சொல்ல வேண்டியது, சுசீந்திரத்திலிருந்து பறக்கை, தெங்கம்புதூர் வழியாக மணக்குடிக்குப் போகும் பாதை. பழையாறு கடலில் சேரும் கழிமுகம் அங்கேதான் இருக்கிறது. ஆற்றின் இரு கரையிலும் மேல மணக்குடி, கீழ மணக்குடி என்று இரண்டு மீனவக் கிராமங்கள். 2004 டிசம்பர் சுனாமி அங்கிருந்த கான்கிரீட் பாலத்தையே அடித்துக்கொண்டு போனது என்பதை இப்போதுள்ள பாலத்தில் நின்று பையனுக்குச் சொன்னேன். காயலில் அசையாமல் நின்ற தண்ணீரையும் கடலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவன் நெடுநேரம் பேசவில்லை. தெங்கம்புதூர் வரையிலான பகுதி எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்றது. ஆனால் அங்கே பேருந்து ஓடும், கடைத்தெருவும் உண்டு. ஆகவே பெரியவர்கள் இருவர் கட்டாயம் வேண்டும்: ஒருவர் முன்னே, மற்றவர் பிள்ளைக்குச் சற்றுப் பின்னே வலது பக்கமாக. பின்னால் வரும் வண்டி முதலில் பெரியவரைக் கண்டு ஒதுங்கட்டும். வழியில் மட்டி என்ற சிறு வாழைப்பழம் வாங்கிக்கொள்ளுங்கள். கைக்குள் அடங்கும் அளவு, பிள்ளைகளின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும், பிஸ்கட்டை விட நல்லது. 2023இல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

மணக்குடியிலிருந்து மேற்கே சொத்தவிளை, சங்குத்துறைப் பக்கம் நீளும் கடற்கரைச் சாலையை எல்லோரும் புகழ்கிறார்கள். காட்சிக்குக் குறைவில்லை. ஆனால் காற்று அள்ளிவந்து கொட்டும் மணல் சாலையின் ஓரத்தில் மெல்லிய படலமாகக் கிடக்கும். பிள்ளைகள் ஓட்ட வேண்டிய இடமும் அந்த ஓரம்தான். மீன் ஏற்றிய வண்டிகளோ விடியற்காலையில் ஏலம் முடிந்ததும் மிகுந்த அவசரத்தில் போகும். மீனவர்கள் கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமையில் அந்த வண்டிகள் குறைவு. அன்று திருப்பலிக்குப் போகும் கூட்டம் சாலையை நிறைத்திருக்கும் என்றாலும், நடந்து போகிறவர்களால் பிள்ளைகளுக்கு ஆபத்து இல்லை. மணி அடித்து, மெதுவாக, வழிவிட்டுப் போனால் போதும். பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களை நான் ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில் அங்கே அழைத்துப் போக மாட்டேன்.

கன்னியாகுமரியிலிருந்து ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் தள்ளியுள்ள வட்டக்கோட்டையும் நல்ல இலக்குதான். டச்சுக் கம்பெனியிலிருந்து வந்து திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரின் படைத்தளபதியான டிலனாய் 18ஆம் நூற்றாண்டில் கருங்கல்லால் வலுப்படுத்திய கோட்டை அது. மேல்தளத்துக்குச் சரிவுப் பாதை இருப்பதால் பிள்ளைகள் ஓடி ஏறிவிடுவார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, நடுவே காற்றாலைகள். நெடுஞ்சாலைப் பகுதியை லோடு ஆட்டோவில் கடந்துவிட்டுக் கடைசி இரண்டு கிலோமீட்டரை மட்டும் மிதிப்பதே எங்கள் வழக்கம். தென்னந்தோப்புகளின் நிழலில் அந்தச் சிறு தூரம் நான்கு வயதுப் பிள்ளைக்கும் அலுக்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும் போகாதீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இறங்கும் தென்மேற்குப் பருவக்காற்று முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே வேகத்தில் சிறிய சைக்கிளையும் தள்ளும். ஆடி மாதத்தில் ஒருமுறை முயன்றபோது தோப்பின் மறைவிலிருந்து வெட்டவெளிக்கு வந்த நொடியில் பையனின் சைக்கிள் ஒரு கை அகலம் சாலை நடுவே நகர்ந்தது. உடனே திரும்பிவிட்டோம்.

மேற்குப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் ரப்பர் தோட்டச் சாலை கண்ணுக்குக் குளிர்ச்சியானது. ஆனால் வளைவும் மேடும் பேருந்தும் சேர்ந்த அந்தச் சாலையில் எதிரில் வருவது தெரியாது. கல்லும் மணலும் ஏற்றிக் கேரளத்துக்குப் போகும் பெரிய லாரிகள் கல்குளம், விளவங்கோடு பகுதிகளின் குறுகிய சாலைகளை நிறைத்துவிட்டன. மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் காரில் போய், பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் நடந்து வாருங்கள். சைக்கிளை வீட்டிலேயே விடுங்கள்.

தேரூர்ப் பாதையில் இன்னொன்றும் உண்டு. கால்வாயை ஒட்டிச் சாலை சட்டென்று வலப்புறம் வளையும் ஓர் இடத்தில் தடுப்புச் சுவர் கிடையாது; தண்ணீர் விடும் மாதங்களில் பெரியவரின் இடுப்பளவு நீர் அங்கே ஓடுகிறது. சுவர் கட்டித் தர வேண்டும் என்று உரிய அலுவலகத்தில் இரண்டு முறை மனு கொடுத்தேன். இன்னும் பதில் வரவில்லை, மூன்றாவது மனுவில் அந்த வழியே வயலுக்குப் போகும் பெண்களும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். சுவர் வரும்வரை அந்த வளைவுக்கு முன்னால் உள்ள பனைமரத்தடியில் இறங்கி, பிள்ளையை வலது பக்கம் விட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போங்கள்.